கரையேறும்வரை விலை இல்லை

எங்கள் மார்க்கெட்டில் விடிந்ததும் கடையை விரித்துவிட்டு, வெயில் ஏறும்வரை ஒரு மீனையும் விற்காமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அந்த அக்காதான். மீன் இல்லாமல் இல்லை. சங்கரா, கவலை, கானாங்கத்தை என்று கூடை நிறைய இருக்கும். சில நாள், சொத்தை எழுதி வாங்குகிற விலையில் ஒரு வஞ்சிரமும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் ஐஸைத் தூவி, ஈரச் சாக்கால் மூடி, அந்தச் சாக்கின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது குனிந்து சாக்கைத் தூக்கிப் பார்க்கப் போனால் அந்தக் கை அழுத்தும்.

"இன்னும் போன் வரலைங்க. அப்பறம் வாங்க."

பெயர் எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை. மார்க்கெட்டில் எல்லாருக்கும் அவர் கடக்கரை அக்கா. கடலூர்ப் பக்கம் ஒரு குப்பம். வீட்டுக்காரரும் மகனும் ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர்கள். முந்தின நாள் அவர்கள் பிடித்ததையும், கரையில் ஏலம் எடுத்ததையும் சேர்த்து, வேறு சில பெண்களோடு ஒரு மினி வேனில் ஏற்றிக்கொண்டு பண்ருட்டி, விழுப்புரம் வழியாகத் திருவண்ணாமலை வந்து சேருவார். மற்ற பெண்கள் வழியில் அங்கங்கே இறங்கிவிடுவார்கள். கடைசிவரை வருகிறவர் இவர் ஒருவர்தான். வந்த புதிதில், "மலை ஊர்ல கடல் மீனுக்கு மருவாதி ஜாஸ்தி பாய்" என்று பெருமையாகச் சொன்னார். பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

நான் அவருக்குப் பக்கத்தில் கோழிக்கடை. எங்கள் வாப்பா காலத்திலிருந்து அதே இடம். அக்கா சாக்கின்மேல் கை வைத்து உட்கார்ந்திருக்கும் அதே நேரத்தில் அவர் வீட்டுக்காரரும் மகனும் கடலில் இருப்பார்கள். இருட்டோடு போனவர்கள். கரை ஏறியதும் போன் வரும். அந்தப் போன் வந்தால்தான் இங்கே போணி. எட்டரைக்கும் வரும், ஒன்பதுக்கும் வரும், காற்று எதிராக இருந்தால் பத்தைத் தாண்டியும் வரும். மீன் வாங்க வருகிற ஜனம் அதுவரை நிற்குமா? பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "அரை கிலோ கோழி போடு பாய்" என்பார்கள். அந்த வகையில் அக்காவின் பிடிவாதத்தால் லாபம் அடைந்தவன் நான் ஒருவன்தான். அதைச் சொல்லி அவரைச் சீண்டவும் செய்வேன்.

"அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் கம்முனு உக்காருங்க. எனக்கு இன்னும் நாலு கோழி போவணும்."

"உக்காருறேன், உக்காருறேன். உன் கோழியெல்லாம் கூண்டுல பத்திரமா இருக்குது. உனக்கு இன்னா?"

போன் வந்ததும் அவர் முகம் மாறும் என்று எழுதினால் அது பொய். முகம் அப்படியேதான் இருக்கும். போனைக் காதில் வைப்பார். அந்தப் பக்கம் ஒரே ஒரு வார்த்தை. "சரி" என்பார். போனை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, சாக்கை ஒரே இழுப்பில் உருவுவார். "வாங்க சார், வாங்கம்மா, எல்லாம் பளபளன்னு இருக்குது" என்று அவர் போடுகிற சத்தத்தில் என் கூண்டுக் கோழிகள் மிரளும். அதுவரை வாய் திறக்காமல் இருந்தது இந்த மனுஷிதானா என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

அவரிடம் பேரம் பேசுவது ஒரு தண்டனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர், துணிப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நின்று வாதாடினார். "ஏம்மா, கடல்ல சும்மா கெடக்குறது. விதைச்சியா, தண்ணி பாய்ச்சினியா? ஆட்டுக்கறி வெல சொல்றியே!" என்றார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாரானேன். ஆனால் அக்கா கோபப்படவில்லை. ஒரு கானாங்கத்தையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுல டீசல் இருக்குது சார். ஐஸ் இருக்குது. பெரிய போட்டுக்காரன் அறுத்துட்டுப் போன வலை இருக்குது. என் புள்ளையோட தூக்கம் இருக்குது. அதெல்லாம் போவ மீனுன்னு மிச்சம் இந்த வாலு மட்டும்தான். வாலுக்கு மட்டும் காசு குடுங்க, போதும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு வாலுக்கும் பேரம் பேசினார். எங்கள் ஊர் ஜனம் அப்படித்தான்.

ஏன் இந்தக் காத்திருப்பு என்று நான் வெகுநாள் கேட்கவில்லை. ஒருவர் பூ வைத்துவிட்டுக் கடை திறப்பார், ஒருவர் எலுமிச்சம்பழத்தை மிதித்துவிட்டு வண்டி எடுப்பார், இவர் போன் வந்தால் மீன் விற்பார் என்று விட்டுவிட்டேன். ஒரு மழை நாளில், வாங்க ஆள் இல்லாமல் நாங்கள் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

அவருக்குக் கல்யாணமாகி ஓரிரு வருஷம். அப்போது பண்ருட்டியில்தான் மீன் விற்பாராம். கூடப் பிறந்த அண்ணன் பிடித்த மீன். ஒரு நாள் வண்டியை விட்டு இறங்கியதும் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. அப்படி ஒரு விலை அதுவரை கிடைத்ததே இல்லை. அண்ணன் பெண்ணுக்கு ஒரு பாவாடைத் துணியும், பலாப்பழமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாராம்.

"குப்பத்துல சிரிச்சுக்கிட்டே எறங்கினேன் பாய். தெரு முழுக்க ஜனம் நிக்குது. என்னைப் பாத்ததும் வழி வுட்டாங்க. ஒருத்தரும் பேசல. என் கையில பலாப்பழம். அதைக் கீழ வைக்கவும் தெரியல, வச்சுக்கவும் தெரியல." டீ கிளாஸை ஆட்டிக்கொண்டே இருந்தார். "அவன் தண்ணியில மெதக்குற நேரத்துல அவன் மீனை நான் கூவிக் கூவி வித்திருக்கேன். வெல ஜாஸ்தியா கெடைச்சுதுன்னு சந்தோசம் வேற. அன்னைக்கு முடிவு பண்ணேன். ஆளு கரை ஏறுனாத்தான் மீனுக்கு வெல. அதுவரைக்கும் அது மீனு கெடையாது."

"மீன் இல்லைன்னா வேற என்னக்கா?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். மழை நின்றுவிட்டதா என்று கையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்தச் சாக்கை நான் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. காலையில் ஒன்பதைத் தாண்டிவிட்டால் எனக்கும் காது அவர் பை மேலேயே இருக்கும். கோழி வெட்டும்போது கை தவறுமோ என்று பயம் வரும். போன் அடித்ததும் அவருக்கு முன்னால் நான் மூச்சு விடுவேன். எனக்கும் அந்தக் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அப்படி ஆகிவிட்டது.

பௌர்ணமி வந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை இருக்காது. ஊர் முழுக்க கிரிவலக் கூட்டம், உள்ளூர் ஜனமும் கவிச்சியைத் தொடாது. அக்கா அந்த நாளில் வர வேண்டியதே இல்லை. அங்கேயும் அப்படித்தான் என்றார். நிலா வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகிப் போய்விடுமாம், மீன்பாடு இருக்காதாம். "இங்க நிலா வந்தா வாங்க ஆள் இல்ல, அங்க நிலா வந்தா மீனே இல்ல. நம்ம பொழப்பை நிலா பாத்துதான் நடத்துது" என்று சிரிப்பார்.

ஒரு முறை மட்டும், திரும்ப வேன் கிடைக்காமல் பௌர்ணமி அன்று எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். இவ்வளவு தூரம் வந்து போகிறீர்கள், ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள், நினைத்தது நடக்கும் என்று என் வீட்டுக்காரி சொன்னாள். எங்கள் வீட்டில் யாரும் சுற்றுவதில்லை, ஆனால் ஊர்ப்பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டோம். அக்கா அடி அண்ணாமலை வரைக்கும் போய்விட்டு, அங்கிருந்து ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டார்.

"ஏன்க்கா, கால் வலியா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

"கால் வலியெல்லாம் இல்லம்மா. பக்கத்துல நடந்த பொம்பள, உங்களுக்கு இன்னா வேண்டுதல்னு கேட்டா. சொல்ல வாய் எடுத்தேன். பயமாப் போச்சு, ஆட்டோ ஏறிட்டேன்."

"இதுல இன்னா பயம்?"

"எனக்கு வேணும்ங்கறதை வாய் வுட்டுச் சொன்னா, அது கடல் காதுல வுழுந்துடும். நம்மகிட்ட இன்னா இருக்குதுன்னு அதுக்குத் தெரியாம இருக்கறதுதான் நல்லது."

என் வீட்டுக்காரி அன்று இரவு என்னிடம், "அந்த அக்காவைப் பாத்தா எனக்கு என்னவோ போல இருக்குதுங்க" என்றாள். எனக்கும் என்னவோ போலத்தான் இருந்தது.

அவர் சொன்ன சேதிகளை அப்போது சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே, போகிற போக்கில் சொல்வார். ஆரம்பத்தில் அவர்கள் போட்டில் நாலு பேர் போனார்கள். பிடித்ததை விற்ற காசில் டீசல், ஐஸ் போக மிச்சத்தைப் பங்கு போடுவார்கள். போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. முதலில் கொழுந்தனார் மகன் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். "நல்லதுதான், போவட்டும்" என்றார். கொஞ்ச நாள் கழித்து இன்னொருவன் கட்டட வேலைக்குப் போனான். அங்கே மழையோ வெயிலோ, சாயங்காலம் கூலி கையில் வந்துவிடுகிறது. கடலில் அப்படி இல்லை. ஒரு நாள் வலை கனக்கும், ஒரு வாரம் டீசலுக்கும் தேறாது. "ஆளுக்கு ஒரு பங்குன்னு சொல்லிப் பாரு, பங்கு எங்க இருக்குதுன்னு கேக்கறான். நான் இன்னா பதில் சொல்றது?"

"இப்ப எத்தினி பேர் போறாங்க?"

"அவரும் பையனும்தான்."

"ரெண்டு பேர் போதுமாக்கா?"

"வலை இழுக்கப் போதும்." சுரண்டுவதை நிறுத்தாமலேயே சொன்னார். "கடல்ல ஒண்ணும் பயம் இல்ல பாய். முகத்துவாரம்தான். ஆறு வந்து கடல்ல சேர்ற எடம். மண்ணு மேடு தட்டிப் போச்சு. மண்ணை வாருங்க, வாருங்கன்னு எத்தினி வாட்டி மனு குடுத்தாச்சு. அலை அங்க மடங்கி அடிக்கும். உள்ள நுழையறப்ப முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன், நடுவுல ரெண்டு பேர் இருக்கணும். அப்பத்தான் போட்டு நெளியாது."

நடுவில் ஆள் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை.

மகனை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மழைக்காலத்தில் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வந்து, தொழில் இல்லாமல் கிடந்தபோது அம்மாவோடு வந்தான். கறுத்து, ஒல்லியாக, தோள் மட்டும் அகலம். கோழிக்கு ஏன் இவ்வளவு நாற்றம் என்று கேட்டான். மீன்காரன் கேட்கிற கேள்வியா இது என்று நானும் அவனும் சிரித்தோம். கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ஆள் தேவை என்று தெரிந்து நான்தான் சேர்த்துவிட்டேன். பெட்ஷீட் மாற்றுவது, தண்ணீர் கேன் தூக்குவது. நன்றாகத்தான் செய்தான். ஓனருக்கும் பிடித்துவிட்டது. தங்க இடம், சாப்பாடு, மாதச் சம்பளம். அக்கா அந்த நாட்களில் சாக்குப் போட்டு மூடவே இல்லை. கடல் மூடிக் கிடந்தது, யாரும் உள்ளே இல்லை. உள்ளூர் ஏரி மீனை வாங்கி விற்றார். விடிந்ததும் கூவ ஆரம்பித்துவிடுவார். அவர் அவ்வளவு லேசாக இருந்து நான் பார்த்தது அந்தக் கொஞ்ச நாள்தான்.

அறிவிப்பை எடுத்துவிட்டார்கள். அப்பா தனியாகப் போட்டைத் தள்ள முடியாது. மகன் லாட்ஜ் ஓனரிடம் சொல்லிக்கொண்டு, என் கடைக்கு வந்தான்.

"இருந்துடேன்டா. உங்கப்பா யாரையாவது கூட்டிக்குவாரு" என்றேன்.

"யாரும் வர மாட்டாங்க பாய். நான் வரலைன்னா அவரு தனியா எறங்கிடுவாரு. அவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

அக்கா பக்கத்தில்தான் நின்றார். அவன் சட்டைக் காலரை மட்டும் சரி செய்தார். மறுநாள் காலையில் மறுபடியும் சாக்கின்மேல் கை.

இதற்குள் மார்க்கெட் மாறத் தொடங்கிவிட்டது. எதிரில் ஒருவன் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடை போட்டான். உயிரோடு நீந்துகிற வளர்ப்பு மீன், கேட்டால் அந்த நிமிஷமே பிடித்துச் சுத்தம் செய்து, மசாலா பாக்கெட்டோடு கொடுப்பான். காத்திருக்க வேண்டியது இல்லை. அக்காவிடம் தினமும் கவலை மீன் எடுக்கிற மெஸ்காரர் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷன். அவரே ஒரு நாள் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அக்கா, உங்க மீன் ருசி எதுலயும் வராது. ஆனா பதினோரு மணிக்கு எனக்குக் கொழம்பு எறங்கணும். நீங்க பத்து மணிக்குத்தான் சாக்கை எடுக்கறீங்க. நாளையிலேர்ந்து எதிர்க்கடையில எடுத்துக்கறேன், தப்பா நெனைக்காதீங்க."

அக்கா அவர் கையிலிருந்த பையை வாங்கினார். பிறகு சாக்கின் ஓரத்தை மட்டும் தூக்கி, அவருக்கு வேண்டியதை அள்ளிப் பையில் போட்டார். காசை நீட்டியபோது வாங்கவில்லை. "அப்பறம் வந்து குடுங்க. போன் வரட்டும்." அப்போது கொடுத்தது விற்றதில் சேராது என்று அவருக்கு ஒரு கணக்கு. மெஸ்காரருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஒரு கோழிக்கடைக்காரன் இதற்கெல்லாம் வருத்தப்படுவது வேடிக்கைதான், ஆனால் அப்படி இருந்தது.

பிறகு மெஸ்காரரோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். பிறகு காசையும் வாங்கினார், ஆனால் சுருக்குப் பையில் போடாமல் தராசுக்கு அடியில் வைத்திருப்பார். போன் வந்த பிறகுதான் அது பைக்குள் போகும். அப்புறம் ஒரு நாள் நல்ல கூட்டம், தராசுக்கு அடியில் இடம் இல்லை, நேராகவே பைக்குப் போய்விட்டது. அன்றைக்கும் போன் வந்தது. கரை ஏறிவிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் கெடுதலாகப் போயிற்று. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அக்கா எல்லாரையும் போல, இறங்கியதும் சாக்கை உருவிவிட்டுக் கூவுகிறவராக ஆகிவிட்டார். யாவாரம் தேறியது. சீண்டுவதற்கு எனக்குத்தான் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

"இன்னாக்கா, இப்பெல்லாம் போனுக்குக் காத்துக்கறதில்லையே?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"காத்துக்கினு இருந்தா அவங்களுக்கு டீசல் யாரு போடறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கார்த்திகைத் தீபத்துப் பத்து நாளும் எங்கள் ஊரில் கறிக்கும் மீனுக்கும் கடை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அது முடிந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை ஊரே வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அந்த வருஷம் கடலும் அதே சமயத்தில் மூடியிருந்தது. காற்றழுத்தத் தாழ்வு கரையைக் கடந்து, அறிவிப்பை எடுத்து, வெள்ளிக்கிழமைதான் போட்டுகள் இறங்கின. சனிக்கிழமை நல்ல மீன்பாடு. ஞாயிறு காலை அக்கா கொண்டுவந்த கூடைகளைப் பார்த்து எதிர்க்கடைக்காரனே வந்து நின்றான். கூட்டம் என் கடை வாசலையும் அடைத்துக்கொண்டது.

அவர் போன் பைக்குள் அடித்தது. எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டது.

"அக்கா, போன்."

"அடிக்கட்டும் பாய். கரை ஏறிட்டாங்க, அதான். அப்பறம் பேசிக்கறேன்." இரண்டு கையிலும் செதில். ஒரு அம்மாவுக்குச் சங்கரா நிறுத்துக்கொண்டிருந்தார்.

நின்றது. மறுபடியும் அடித்தது. நின்ற கையோடு மூன்றாம் முறை. கரை ஏறிய சேதி சொல்கிறவன் ஒரு தரம் அடிப்பான். எடுக்காவிட்டால் விட்டுவிட்டு மீனைப் பார்ப்பான். நான் கத்தியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"சரி, நீயே எடுத்துப் பேசு பாய். கை காலியில்ல. வந்துட்டேன், நல்ல யாவாரம்னு சொல்லு."

உறையைப் பிரித்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம், ஆட்கள் கத்துகிற சத்தம். யார் என்று கேட்டது ஒரு கிழட்டுக் குரல். அவர் வீட்டுக்காரர். அதுவரை நான் அவர் குரலைக் கேட்டதில்லை.

"பக்கத்துக் கடைங்க. கோழிக்கடை."

"பாயா? பாய், அவகிட்டக் குடுக்காதீங்க." மூச்சு வாங்கியது. "முகத்துவாரத்துல போட்டு பொரண்டுடுச்சு. என்னை இழுத்துட்டாங்க. பையனைக் காணோம். எல்லாப் போட்டும் தேடப் போயிருக்குது. குப்பத்துல ஒருத்தரும் தொழிலுக்குப் போவல. நீங்க ஒண்ணும் சொல்லாம வண்டி ஏத்தி வுட்டுடுங்க."

ஒன்றும் சொல்லாமல் எப்படி ஏற்றிவிடுவது? நான் நடிகன் இல்லை. போனை இறக்கினேன். அக்கா தராசைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தராசில் மீன் இருந்தது, வாங்குகிற அம்மாவின் கை நீண்டிருந்தது.

"யாரு?" என்றார்.

"பையன். தேடிக்கிட்டு இருக்காங்க."

அக்கா தராசில் இருந்த சங்கராவை எடுத்துக் கூடையில் போட்டார். அந்த அம்மாவிடம் ஏற்கெனவே கொடுத்திருந்த பையைக் கேட்டு வாங்கினார். காசைத் திருப்பிக் கொடுத்தார். கூட்டத்தில் பையோடு நின்ற ஒவ்வொருவரிடமும் போனார். "குடுத்துடுங்க சார். இது விக்கறதுக்கில்ல. தெரியாம குடுத்துட்டேன்." சிலருக்குப் புரிந்தது, கொடுத்துவிட்டார்கள். சிலர் புரியாமல் சண்டை போட்டார்கள். நான் நடுவில் புகுந்து வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் கூடைக்கு வந்து சேர்ந்ததும், வண்டி பிடிக்கலாம் என்று கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டார்.

"ஒண்ணு போயிடுச்சு பாய். மொதப் போணி. வஞ்சிரம். நீலச் சட்டை போட்டவரு, உங்கிட்டகூட கோழி வாங்குவாரு. அவரு வூடு உனக்குத் தெரியுமில்ல?"

"அக்கா, அதுக்கு இப்ப நேரமில்ல."

"அது வந்தாத்தான் நான் பஸ் ஏறுவேன்."

அந்தச் சமயத்தில் அவரோடு யாராலும் வாதாட முடியாது. எனக்கு இந்த நம்பிக்கை எதுவும் கிடையாது. இங்கே மீனை விற்றதால் அங்கே போட்டு கவிழவில்லை. நாலு பேர் இருக்க வேண்டிய போட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், வார வேண்டிய மண்ணை யாரும் வாரவில்லை, அதனால் கவிழ்ந்தது. இது அவருக்கும் தெரியும். அவர்தானே எனக்கே சொன்னார். ஆனாலும் நான் வண்டியை எடுத்தேன்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் புதிதாக வீடுகள் வந்திருக்கிற பகுதி. அந்த நீலச் சட்டைக்காரர் நல்ல மாதிரி. வீட்டு விசேஷத்துக்கெல்லாம் என்னிடம்தான் கோழி எடுப்பார். அக்கா பின்னால் உட்கார்ந்து வந்தார். என் தோளில் வைத்திருந்த கையிலிருந்து மீன் தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது.

அக்காவின் மகன் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள் என்று அந்த வேன் டிரைவர் பிறகு சொன்னார். வீட்டுக்காரர் கடலில் இறங்குவதில்லையாம். போட்டு அந்தக் கரையில்தான் கிடக்கிறதாம், வாங்குவதற்கு ஆள் இல்லை. அக்கா எங்கள் மார்க்கெட்டுக்கு அப்புறம் வரவே இல்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் இப்போது ஒருவர் கருவாடு விற்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது எனக்கும் ஒரு ஆசை இருந்தது. அந்த மீன் அப்படியே பையில் இருந்துவிட வேண்டும், வாங்கி இவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நானும் அல்லாவை வேண்டிக்கொண்டேன்.

கேட்டைத் திறக்கும் முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. உள்ளே எண்ணெயில் பொரிகிற சத்தம். அக்கா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

சத்தம் கேட்டு அந்த வீட்டு அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். அக்காவை அடையாளம் தெரிந்து முகம் மலர்ந்தது.

"மீன்காரம்மாவா? வாங்க, வாங்க. காசு ஏதாவது பாக்கியா? பத்து நாள் கழிச்சு சாப்பிடறோம், அப்படி ஒரு மீன்! பசங்க அடுப்பை வுட்டு நகர மாட்டேங்கறாங்க. அடுத்த வாரமும் இதே மாதிரி எங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சுடுங்க, என்ன?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அழுத்தினார்.

"சரிங்கம்மா" என்றார்.